தட்டிப் பார்த்தால் தெரியும்!

திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர்களுக்குக் கதினா வெடியின் ஓசை புதிதல்ல. நம் ஊர் அதிர்வேட்டுக்கு உறவுக்காரன்! கோயிலில் சீட்டு வாங்கி வழிபாடாக வெடிக்கச் செய்வதும் உண்டு. அடிப்பக்கம் மூடிய கனத்த இரும்புக் குழாய். கீழே திரி வைக்க ஒரு துளை. கரிமருந்தை இட்டு, மேலே செங்கல் பொடி போட்டு இறுக்கி வெடிப்பார்கள். பட்டாசு ஒரு முறை வெடித்தால் குப்பை. கதினாவோ திரும்பத் திரும்ப நிரப்பப்படுவது. அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு முன், "சார் ரயில்வே இன்ஜினியர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கமிட்டியார் அழைத்தார்கள். வரிசையாக ஒன்பது கதினாக்கள். ரயில்வேயில் நான் கற்ற முதல் பாடம் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பது. நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது உடைந்த பானைபோல் மங்கும். அப்படியே தட்டினேன். எட்டு ஒலித்தன. ஏழாவது ஒலிக்கவில்லை.

"அது என் அப்பா காலத்துச் சாமான், சாரே" என்றார் வெடிக்கார ஆசான். அவருக்கு மனத்தாங்கல். வாதாடாமல், உள்ளும் புறமும் துடைத்துச் சுத்தம் செய்யச் சொன்னேன். மண்ணெண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்குப்பொடி பூசினேன். சிறிது நேரத்தில் திரித் துளையிலிருந்து மேல்நோக்கி ஒரு மெல்லிய ஈரக்கோடு பொடியில் தெரிந்தது. விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே கசிந்த கோடு அது. ஆசான் வெகுநேரம் அதையே பார்த்திருந்தார். பிறகு தாமே அதைத் தூக்கித் தனியே வைத்தார்.

காரணம் எளிது. கரிமருந்து எரிந்த கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். இங்கோ ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், போதாததற்குக் கடற்காற்று. அரித்த குழியிலிருந்து விரிசல் தொடங்கும். ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் வளரும். அதிலும் வார்ப்பிரும்பு முன்னறிவிப்பின்றிச் சிதறும். வெளிநாடுகளில் துப்பாக்கித் தோட்டாக் கூட்டைத் திரும்ப நிரப்புவோரும், வாய் விளிம்பு பிளந்ததா, அடிப்பாகம் தளர்ந்ததா என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். 'போன தடவை ஒன்றும் ஆகவில்லையே' என்பது சோதனை ஆகாது.

கூடு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. சற்று முன் வெடித்த குழாயில் கனல் தங்கியிருக்கலாம். ஆறவைத்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பின்பே நிரப்ப வேண்டும். 2023 ஜனவரியில் சபரிமலை மாளிகைப்புறத்தில் கதினா நிரப்பும்போது தீப்பற்றி மூவர் காயமுற்றதை மறக்க வேண்டாம். 2016 ஏப்ரல் 10 அதிகாலையில் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நூறு பேருக்கு மேல் மாண்டது வாணவேடிக்கைக்குக் குவித்த வெடிமருந்தால். வெடி வேறு, பாடம் ஒன்றே: மருந்துக் குவியலும் நெருப்பும் அருகருகே இருக்கக்கூடாது.

உரிமம் பெற்றவரே கையாள வேண்டிய வேலை இது. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கமிட்டியில் இருக்கும் அன்பர்கள் திருவிழாவுக்கு முன் ஒருவரைக் கொண்டு கதினாக்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிக்கும் நேரம் பிள்ளைகளின் கையைப் பிடித்துத் தள்ளி நில்லுங்கள்.

அந்தத் திருவிழாவில் எட்டுக் கதினாக்களே வெடித்தன. ஒன்பதாவது குறைந்ததாக எந்தப் பக்தரும் குறைப்படவில்லை.