தவிடும் உயிர்ச்சத்தும்

உயிருக்கு உறைவிடம் உடல். உடலுக்கு ஆதாரம் உணவு. உணவிலுள்ள சத்துக்களை மாவுப்பொருள், புரதம், கொழுப்பு, தாது உப்பு, உயிர்ச்சத்து என ஐந்தாகப் பகுத்துரைப்பர் அறிஞர். நீரும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்கதே.

அரிசி, கிழங்கு முதலியவற்றிலுள்ள மாவுப்பொருள் உழைப்புக்கு வேண்டிய ஆற்றலைத் தருகின்றது. பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றிலுள்ள புரதம் தசையை வளர்க்கின்றது. உடலின் தேய்வை ஈடு செய்கின்றது. எண்ணெய், நெய் முதலிய கொழுப்புப் பொருள்கள், அதே எடையுள்ள மாவுப்பொருளினும் இருமடங்குக்கு மேற்பட்ட ஆற்றலை அளிக்கின்றன. தாது உப்புக்களுள் சுண்ணாம்புச் சத்து எலும்புக்கும், இரும்புச் சத்து குருதிக்கும் உறுதி பயக்கும்.

வைட்டமின் எனப்படும் உயிர்ச்சத்து மிகச் சிறிதளவே வேண்டப்படுவது. எனினும், அஃது இல்லையாயின், வயிறார உண்பவரும் நோய்க்கு இரையாவர். இவ்வுண்மையை உலகம் அறியத் துணைபுரிந்தவை சில கோழிகள் என்றால் வியப்பாக இருக்கும் அன்றோ?

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவு டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே படைவீரர் பலர் பெரிபெரி என்னும் நோயால் கால் வலுவிழந்து, நெஞ்சு தளர்ந்து மடிந்தனர். இந்நோயின் காரணத்தை ஆராய 1886ஆம் ஆண்டில் மருத்துவர் குழு ஒன்று வந்தது. அக்குழுவுடன் வந்தவருள் ஐக்மன் என்பார் ஒருவர். ஏதோ ஒரு கிருமியே காரணம் எனக் கருதி அவர்கள் தேடலாயினர்.

இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியா நகரில் ஐக்மன் பணியாற்றிய ஆய்வுக்கூடத்துக் கோழிகளும் ஒரு காலத்தில் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில திங்கள் கழித்து அந்நோய் தானே நீங்கிற்று. ஐக்மன் வியந்து உசாவினார். மருத்துவமனையில் எஞ்சிய வெள்ளரிசிச் சோற்றை உண்ட நாள்களிலேயே கோழிகள் நோயுற்றிருந்தன. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர்க்குரிய சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்தார். ஆகவே, தவிடு நீக்காத அரிசி இடப்பட்டது, கோழிகள் பிழைத்தன. பின்னர்ச் சிறைக்கூடங்களை ஆராய்ந்தபோதும், தீட்டிய வெள்ளரிசி வழங்கிய இடங்களிலேயே நோய் மிகுந்திருந்தமை புலனாயிற்று.

வெள்ளரிசியில் நஞ்சு உண்டு, தவிடு அதனை முறிக்கின்றது என ஐக்மன் முதலில் எண்ணினார். அவர்க்குப்பின் ஆராய்ந்த கிரைன்ஸ் என்பார், நஞ்சு ஏதுமில்லை, இன்றியமையாத ஒரு பொருள் இல்லாமையே நோய்க்குக் காரணம் என 1901இல் விளக்கினார். அப்பொருளே இன்று வைட்டமின் பி1 எனப்படுவது. ஐக்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

நெல்லை ஊறவைத்து அவித்தால், தவிட்டிலுள்ள அச்சத்தில் ஒரு பகுதி அரிசியினுள் ஊடுருவி நிற்கும். புழுங்கலரிசியின் சிறப்பு இதுவே. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் அச்சத்து வீணாகும். வெண்மையை விரும்பி மக்கள் அகற்றிய தவிட்டிலேயே அவர்தம் உயிரைக் காக்கும் பொருள் இருந்தது. ஆதலின், கண்ணுக்கு இனியதை நாடாது, உடலுக்கு உறுதி தரும் உணவை அறிந்து உண்பதே அறிவுடைமையாகும்.