சீட்டு கையில், மனம் எங்கே?

போக்கர் சீட்டாட்டத்தின் புகழ்பெற்ற வகை டெக்சஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் 2 சீட்டுகள். மேசையில் எல்லாருக்கும் பொதுவாக 5 சீட்டுகள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலான சுற்றுகளில் தொடக்கத்திலேயே சீட்டைக் கீழே வைத்து விலகிவிடுவார்கள். சிக்கல் அப்போதுதான் தொடங்குகிறது. வேலையில்லாத மனம் அலைபாயும். கை, கைத்தொலைபேசியைத் தேடும்.

ஆனால், யார் தயங்கினார், யார் துணிந்து பந்தயத்தை உயர்த்தினார், கடைசியில் அவரிடம் என்ன சீட்டு இருந்தது என்ற தகவல்கள் அந்த நேரத்திலும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றைத் தவறவிட்டவர் அடுத்த சுற்றில் குருட்டுத்தனமாக ஆட வேண்டியதுதான்.

மனம் அலைவது மூளையின் இயல்பு. வெளிவேலை குறையும்போது, பழைய நினைவுகளையும் கற்பனைகளையும் கிளறும் சில மூளைப் பகுதிகள் கூடுதலாகச் செயல்படுகின்றன. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் அன்றாட வேலைகளுக்கு நடுவே கைத்தொலைபேசி வழி கேள்வி கேட்டனர். ஏறத்தாழ 47 விழுக்காட்டு நேரம் அவர்களின் மனம் வேறெங்கோ இருந்தது!

உளவியலாளர் மரியா கொனிக்கோவா போக்கர் கற்று, 2018இல் பஹாமாஸில் ஒரு போட்டியை வென்றார். கவனத்தைப் பற்றித் தாம் கற்றதை நூலாகவும் எழுதினார்.

பணம் வைத்து ஆடுவது மாணவர்களுக்கு உரியதன்று. ஆனால், வகுப்பறையிலும் இதே நிலை உண்டு. ஆசிரியர் வேறொருவரிடம் கேள்வி கேட்கும் நேரம், நாம் விலகிய சுற்று போன்றது. அப்போது விடையை நாமும் மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம். நண்பரின் விடை எங்கே பிசகியது என்று கவனிக்கலாம். மனம் நழுவுவதைத் தடுக்க முடியாது. நழுவியதை உணர்ந்ததும் திருப்பிக் கொண்டுவருவதே பயிற்சி.