கியர்க் குமிழும் ஈட்டி மரமும்

1970-இல் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற போர்ஷே 917 காரின் கியர்க் குமிழ் மரத்தால் ஆனது. தக்கை போல் இலேசான பால்சா மரம். அங்கே எடை முக்கியம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போருக்கோ கைக்கு இதமே முக்கியம். அதற்கு ஈட்டி, அதாவது நம் தச்சர்கள் சொல்லும் தோதகத்தி, மேலானது. திருவிதாங்கூரில் மன்னருக்கென்று ஒதுக்கப்பட்ட மரம் அது. (அரசமரம் அன்று, நண்பர்களே, அரசரின் மரம்!) புதிதாக மரம் தேட வேண்டாம். உடைந்த பழைய கட்டிலின் கால் போதும், நன்றாக உலர்ந்திருக்கும்.

வெயிலில் நிற்கும் வண்டியில் இரும்புக் குமிழ் கையைச் சுடும். மரக் குமிழ் சுடாது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். இரும்பு மரத்தைவிட 100 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது.

உருவத்தைக் கடைசல்காரர் பார்த்துக்கொள்வார். வில்லங்கம் துளையில்தான் இருக்கிறது. மரத்திலேயே மரை வெட்டினால் நாளடைவில் தேய்ந்து குமிழ் ஆடும். ஆகவே உள்மரை வெட்டிய பித்தளைக் குழல் ஒன்றைப் பதிக்கிறார்கள். ஆனால் பித்தளை காற்றின் ஈரத்துக்கு அசையாது, மரம் அசையும். இழையின் நீளவாக்கில் அசைவு சொற்பம். குறுக்கே, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் மிகுதி, ஆரத் திசையில் ஏறக்குறையப் பாதி. திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் கடைந்த குமிழ் மதுரை வெயிலுக்குப் போனால் என்னவாகும்? மரம் சுருங்கும், பித்தளை விட்டுக்கொடுக்காது, குமிழ் பிளந்துவிடும்.

எனவே முதலில் பருமனாகக் கடைந்து, வண்டி ஓடும் ஊரிலேயே சில வாரம் போட்டுவைத்து, பிறகு இறுதியாகக் கடைய வேண்டும். துளையை மயிரிழை அகலமாக்கி, காய்ந்த பின்னும் சற்று நெகிழும் பசையை இடையில் நிரப்புவது நல்லது. மரையின் அளவைப் பழைய குமிழைக் கழற்றிப் பார்த்துக்கொள்க. பழைய ஆங்கிலேய வண்டிகளில் பெரும்பாலும் அங்குல மரை, அதில் மில்லிமீட்டர் மரை ஏறாது.