தாள் நெளியாமல் வண்ணம் தீட்டுவது எப்படி?



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டதுமே, இளைஞர் சக்தி, விண்வெளி, நாட்டு முன்னேற்றம் என்று பெரிய பெரிய தலைப்புகளில் பலரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு சின்ன விஷயம்தான். ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு தாள்களையும் ஒரு வாரத் தூக்கத்தையும் இழந்தேன். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

போன ஆண்டு, நான்காம் செமஸ்டர். ஒரு சிறிய நூலகக் கட்டடத்துக்குப் பெர்ஸ்பெக்டிவ் வரைந்து, வாட்டர் கலர் போட்டுக் கொடுக்க வேண்டும். "இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே ரெண்டரிங் வந்துவிடுகிறதே, கையால் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம்! ஒரு ஷீட்டாவது கையால் போட்டால்தான் வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது என்று மனதில் பதியும் என்றார்கள். அது உண்மைதான் என்று பிறகு புரிந்தது.

300 ஜி.எஸ்.எம். வாட்டர் கலர் தாள் ஒன்று வாங்கினேன். அதன் விலை எங்கள் அப்பாவின் அரை நாள் கூலி. மூன்று ராத்திரி உட்கார்ந்து பென்சிலில் வரைந்து முடித்தேன். நான்கு மூலையிலும் கிளிப் போட்டு, வானத்துக்கு நீல வாஷ் அடித்தேன். அடித்த ஐந்தாவது நிமிஷமே தாள் மேடும் பள்ளமுமாக எழும்பிவிட்டது. நீலமெல்லாம் பள்ளத்தில் போய்க் குட்டையாகத் தேங்கியது. காய்ந்த பிறகு பார்த்தால் வானம் இல்லை, அழுக்குத் துணி! "தாளைத் தயார் செய்யாமல் ஏன் ஆரம்பித்தாய்? வேறு போட்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தாளைத் தயார் செய்வது என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

தாள் ஏன் நெளிகிறது?

தாள் என்பது செல்லுலோஸ் நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு பாய். நாருக்குள் தண்ணீர் போனால் அது பருக்கும். நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்குவாக்கில்தான் பருக்கும். மழைக்காலத்தில் வீட்டு மரக்கதவு பருத்து நிலையில் சிக்கிக்கொள்கிறதே, அதே சங்கதிதான்.

மெஷினில் செய்த தாளில் பெரும்பாலான நார்கள் மெஷின் ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். அதனால் அந்தத் தாள் நனைந்தால் ஒரு பக்கமாக அதிகம் விரியும். கையால் செய்த தாளில் நார்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால், விரிவதும் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்.

இப்போது என் வானத்தைப் பாருங்கள். வாஷ் அடித்த இடம் நனைந்து விரிகிறது. அதைச் சுற்றியுள்ள காய்ந்த இடம் விரியவில்லை, வழிவிடவும் இல்லை. விரிந்த இடம் எங்கே போகும்? மேலே எழும்பத்தான் வேண்டும்! அதுதான் நெளிவு. ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்ட அப்பளம் சுருண்டுகொள்வது போல.

அப்படியானால் வழி என்ன? முதலிலேயே தாள் முழுவதையும் நனைத்து, எவ்வளவு விரியுமோ அவ்வளவும் விரியவிட வேண்டும். விரிந்த நிலையிலேயே நான்கு ஓரத்தையும் பலகையோடு ஒட்டிவிட வேண்டும். காயும்போது தாள் சுருங்கப் பார்க்கும், ஓரங்கள் விடாது. ஆக, மத்தளத்துத் தோல் மாதிரி விறைப்பாக நிற்கும். பிறகு வண்ணம் பட்டு மறுபடி விரியும்போது அந்த விறைப்புதான் கொஞ்சம் தளருமே தவிர, தாள் மேலே எழும்பாது. இவ்வளவுதான் தத்துவம்! இதை 'ஸ்ட்ரெச்சிங்' என்கிறார்கள். பாரிஸில் எக்கோல் தே போசார் கல்லூரியில் கட்டடக்கலை படித்தவர்களும் இப்படிப் பலகையில் ஒட்டிய தாளில்தான் மை வாஷ் போட்டுப் படித்தார்கள்.

இரண்டாவது தாளும் போனது

அடுத்த தாளுக்கு அம்மாதான் எங்கேயோ கைமாற்று வாங்கிக் கொடுத்தார்கள். யாரோ அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு, சீக்கிரம் ஊறட்டும் என்று வெந்நீரில் போட்டேன். ஒரு மணி நேரம் விட்டேன். ஓரத்துக்குச் செல்லோ டேப் ஒட்டினேன். ஈரத்தில் டேப் ஒட்டவே இல்லை. எப்படியோ காய வைத்து வண்ணம் போட்டுப் பார்த்தால், பிளாட்டிங் பேப்பரில் மை விழுந்த மாதிரி உறிஞ்சிக்கொண்டு மங்கிப் போயிற்று.

அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்பா தறியை விட்டு எழுந்து வந்தார். தாளைத் தடவிப் பார்த்தார். "என்னம்மா, இதுக்கும் கஞ்சி போட்டிருப்பாங்களா?" என்று கேட்டார்.

நான் அசந்துபோனேன். ஆமாம், போட்டிருப்பார்கள்! வாட்டர் கலர் தாளுக்கு ஜெலட்டின் மாதிரியான பசையோ வேறு பூச்சோ கொடுத்திருப்பார்கள். அதற்கு 'சைஸ்' என்று பெயர். வண்ணம் சட்டென்று உள்ளே இறங்காமல் மேலாகவே நின்று பளிச்சென்று தெரிவது அதனால்தான். எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் வாரிக் காய வைப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அதுவும் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"கஞ்சி போட்டதை வெந்நீரிலே போட்டு ஊறவச்சா கஞ்சி போயிடாதா? கட்டாம காய விட்டா எதுதான் நேரா காயும்?" என்றார். பள்ளிக்கூடம் போகாத மனிதர். நான் இரண்டு தாளில் கற்றதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

தேவையான பொருட்கள்

பலகை: நம் டி2 டிராயிங் போர்டு போதும். 700 × 500 மி.மீ. அளவு. அரை இம்பீரியல் தாள், அதாவது 15 × 22 அங்குலம், அதில் தாராளமாகப் பிடிக்கும். போர்டைக் கெடுக்க மனமில்லை என்றால் 12 மி.மீ. பிளைவுட் துண்டு வாங்கிக்கொள்ளலாம். 6 மி.மீ. பலகை வேண்டாம், தாள் காயும்போது இழுக்கிற இழுப்பில் பலகையே வளைந்துவிடும்! மைக்கா ஒட்டிய பலகையில் டேப் சரியாகப் பிடிக்காது.

டேப்: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செல்லோ டேப், மாஸ்கிங் டேப் இரண்டும் ஈரத் தாளில் நிற்காது. வேண்டியது 'கம் டேப்'. பழுப்பு நிறக் காகிதம், பின்பக்கம் காய்ந்த பசை, தண்ணீர் தொட்டால் ஒட்டும். 2 அங்குல அகலம் நல்லது. கடையில் பழுப்பு நிற பிளாஸ்டிக் டேப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

இவை தவிர சுத்தமான ஸ்பாஞ்ச், பழைய பருத்தித் துண்டு, தாள் மடங்காமல் நனையும் அளவுக்கு அகலமான டப். டப்பில் சோப்பு வாடை இருக்கக்கூடாது.

செய்முறை

1. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு தாளைத் தொட்டால், அந்த விரல் பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது.

2. கை காய்ந்திருக்கும்போதே டேப்பை நான்கு துண்டுகளாக வெட்டி வையுங்கள். ஒவ்வொன்றும் தாளின் பக்கத்தைவிட 2 அங்குலம் நீளமாக இருக்கட்டும். டப்புக்குத் தள்ளி வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

3. தாளைக் குளிர்ந்த தண்ணீரில் முழுவதும் மூழ்க விடுங்கள். 190 ஜி.எஸ்.எம். தாளுக்குச் சுமார் 3 நிமிஷம், 300 ஜி.எஸ்.எம். தாளுக்குச் சுமார் 8 நிமிஷம். ஒரு மூலையை லேசாக வளைத்துப் பாருங்கள். துள்ளி நிமிர்ந்தால் இன்னும் ஊற வேண்டும். வளைந்தபடியே நின்றால் போதும். டப் இல்லாதவர்கள் ஸ்பாஞ்சால் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப நனைக்கலாம். தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். நனைந்த தாளைத் தேய்த்தால் மேல் நார் பெயர்ந்துவிடும்.

4. இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கி, தண்ணீர் வடியவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகப் பலகையில் படுக்க வையுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் நிற்கக்கூடாது. 'ஸ்ட்ரெச்சிங்' என்ற பெயரைக் கேட்டுவிட்டுக் கையால் இழுக்காதீர்கள்! விரிவது தாளின் வேலை. நம் வேலை காத்திருப்பது. சில நிமிஷத்தில் அலை எழும்பினால் ஓரத்தைத் தூக்கி மறுபடி படுக்க வையுங்கள்.

5. டேப் ஒட்டப்போகும் ஓரத்தைச் சுற்றி மட்டும் துண்டால் ஒற்றி எடுங்கள். அங்கே தண்ணீர் மினுமினுத்தால் பசை கரைந்துவிடும்.

6. டேப்பின் பசைப் பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் ஒரே தடவை தடவுங்கள். தண்ணீரில் முக்கினால் பசை கழுவிப் போய்விடும். பாதி தாளிலும் பாதி பலகையிலும் வரும்படி ஒட்டுங்கள். முதலில் எதிரெதிரான நீளப் பக்கங்கள், பிறகு குறுக்குப் பக்கங்கள். துண்டால் அழுத்தி விடுங்கள்.

7. பலகையைத் தரையில் படுத்த வாக்கில் வைத்துக் காய விடுங்கள். சுவரில் சாய்த்தால் தண்ணீர் கீழே இறங்கி, கீழ் டேப் பெயரும். வெயில், ஹேர் டிரையர் கூடாது. டேப் பசை இறுகுவதற்குள் தாள் காய்ந்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஒரு ராத்திரி விடுங்கள். மழைக்காலமானால் இன்னும் கொஞ்சம் நேரம். நடுவில் அலை அலையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். காய்ந்ததும் தானே சமமாகும்.

நம் பிரிவினருக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை

ஸ்கேல் வைத்து வரைகிறவர்கள் தாளை ஒட்டிக் காய்ந்த பிறகுதான் பென்சில் எடுக்க வேண்டும். முன்னாலேயே வரைந்துவிட்டு நனைத்தால் தாள் விரியும், அளவும் மாறும். அதே மாதிரி, வேலை முடிந்து வெட்டி எடுத்ததும் தாள் இறுக்கம் விட்டு இம்மியளவு சுருங்கும். ஆகவே ரெண்டரிங் ஷீட் பார்ப்பதற்கு மட்டுமே. அதில் ஸ்கேல் வைத்து அளவு எடுக்காதீர்கள்.

வண்ணம் முழுவதும் காய்ந்த பிறகே வெட்ட வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, புது பிளேடால் டேப்பின் உள் விளிம்போடு வெட்டுங்கள். பலகையில் மிச்சமிருக்கும் டேப்பை வெந்நீரில் நனைத்துச் சுரண்டினால் வந்துவிடும்.

நேரமில்லாதவர்களுக்கு

640 ஜி.எஸ்.எம். தாள் மிகவும் கனமானது. சாதாரண வேலைக்கு ஸ்ட்ரெச் செய்யவே தேவையில்லை. ஆனால் விலை நமக்குக் கட்டாது. நான்கு ஓரமும் பசையிட்டு அட்டை போல அடுக்கிய 'பிளாக்' தாளும் உண்டு. வண்ணம் காய்ந்த பிறகு மேல் தாளைக் கத்தியால் பிரித்து எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே நெளிந்துபோன படத்தையும் ஓரளவு காப்பாற்றலாம். சுத்தமான வெள்ளைத் தாள் மேல் படத்தைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் மட்டும் ஸ்பாஞ்சால் லேசாக ஈரப்படுத்துங்கள். மேலே இன்னொரு வெள்ளைத் தாள், அதன் மேல் பலகை, அதன் மேல் கனமான புத்தகங்கள். ஒரு ராத்திரி கழித்து எடுத்தால் தட்டையாக வரும். ஆனால் தேங்கிப் போன வண்ணம் தேங்கியதுதான். அதற்கு மருந்தில்லை.

முடிவாக

மூன்றாவது தாளை நானும் அப்பாவும் சேர்ந்து ஒட்டினோம். டேப்பை அழுத்திப் பிடித்தது அவர் கைதான். மறுநாள் காலையில் விரலால் தட்டிப் பார்த்தேன். 'டப்' என்று சத்தம் கேட்டது! வானம் ஒரே வாஷில் வந்தது. ஒரு நாள் தாமதத்துக்கு மதிப்பெண் குறைந்தது, ஆனால் ஷீட் பாஸ்.

நம்மில் பலருக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாடத்தில் வரும் வார்த்தை வேறு, வீட்டில் பேசும் வார்த்தை வேறு. விஷயம் பல இடத்தில் ஒன்றுதான். ஆகவே நண்பர்களே, புரியாத ஒன்றை வீட்டிலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முதல் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: தாளை ஸ்ட்ரெச் செய்யப் பழக வேண்டுமானால் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். என்னிடம் கம் டேப் பாதிச் சுருள் மிச்சம் இருக்கிறது!



— மூன்றாம் ஆண்டு மாணவி, கட்டடக்கலைப் பிரிவு