பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே

திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றிலே, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளை இல்லாத ஒழுங்கையைக் காண்பது அரிது. "கம்பசுக்கு இன்னும் கூப்பிடேல்லையோ, தம்பி?" என்று வழியிற் கேட்போருக்கு அவன் மாதக்கணக்காகச் சொல்லும் விடை ஒன்றேதான். மேல்நாட்டார் இத்தகைய இடைக்காலத்தை விரும்பி எடுத்துக்கொள்கின்றனர். நம் பிள்ளைகளுக்கோ அது கேளாமலே வந்து வாய்க்கின்றது.

நோர்வேயில் 1864ஆம் ஆண்டு தொடங்கிய மக்கள் உயர்பள்ளிகளில், பரீட்சையும் புள்ளியுமின்றி ஓராண்டு தங்கிக் கைத்தொழிலும் கலையும் பயில்கின்றனர் வாலிபர். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ஒபாமாவின் மூத்த மகள், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற பின்னரும் ஓராண்டு கழித்து, 2017இலேயே அங்கு சேர்ந்தார். அதுவரை அவருடைய இடம் அவருக்காகக் காத்திருந்தது.

நம் நாட்டில் இடம் காத்திராது. பிள்ளைதான் காத்திருக்க வேண்டும். ஒரு கல்வியாண்டுக்கு அதற்குரிய ஆண்டின் பெறுபேற்றைக் கொண்டே விண்ணப்பிக்கலாம். தெரிவானவர் குறித்த நாளுக்குள் பதிவு செய்யாவிடின் இடம் போயிற்று. ஆகவே, "ஓராண்டு உலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று எந்தப் பிள்ளையும் சொல்வதற்கில்லை. ஆயினும் காலம் மட்டும் கழிந்துகொண்டேயிருக்கின்றது. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரியிலேதான் தொடங்கியது. பெறுபேறுகள் செப்டெம்பரில் வந்தன. நான்கே மாதத்தில், 2024 ஜனவரியில், அடுத்த பரீட்சை வந்து நின்றது!

இங்கேதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு, நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றன. திருகோணமலையும் அம்மாவட்டங்களுள் ஒன்று. எனவே பெறுபேறு கையில் இருந்தாலும், மாவட்ட வெட்டுப்புள்ளி வெளிவரும்வரை இடம் உண்டா இல்லையா என்பது தெரியாது. பரீட்சைக்குத் தோற்ற மூன்று தடவைகளே உண்டு. இரண்டாந்தடவைக்குப் படிப்பதா, இருப்பதை நம்பியிருப்பதா? பிள்ளை புத்தகத்தை மூடவும் மாட்டான், திறக்கவும் மாட்டான். பெண்பிள்ளையாயின் இதற்கிடையே கலியாணப் பேச்சும் முளைத்துவிடும்.

சிலர் அயற்பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கின்றனர். சிலர் ஆங்கிலம், கணினி என்று வகுப்புக்கு மேல் வகுப்பாகச் சேர்ந்து சான்றிதழ் திரட்டுகின்றனர். பணம் கட்டிப் பெறும் மூன்றாவது சான்றிதழைக் காட்டிலும், கடையொன்றிற் கணக்கெழுதிப் பெறும் முதற் சம்பளம் மேலானதென்றே நாம் கருதுகிறோம். வாங்குவோருடன் பேசவும், சில்லறையை எண்ணிக் கொடுக்கவும், முதலாளியின் கோபத்தைப் பொறுக்கவும் எந்த வகுப்பிலே கற்பிக்கிறார்கள்? கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் நமக்கு அண்மையில் இருந்தாலும், பிள்ளைக்கு இடம் கிடைப்பது மாத்தறையிலாகவும் இருக்கலாம். அங்கே தனியே சமைத்துண்டு வாழ இப்பழக்கம் உதவும்.

ஆனால் வேலை கொடுப்போர் கேட்பது, "எத்தனை மாதம் நிற்பாய்?" என்பதே. பிள்ளையிடம் விடையில்லை. பெறுபேறுகளை வெளியிடும் நாளிலேயே வெட்டுப்புள்ளி வரும் திகதியையும் பல்கலைக்கழகம் திறக்கும் மாதத்தையும் அறிவித்துவிட்டால், சீனன்குடா ஆலையிலோ நகரத்துக் கடையிலோ ஆறு மாதத்துக்கென்று பேசி ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள முதலாளிமாரும் பின்நிற்க மாட்டார்கள்.