திருவாதிரைக்கு எத்தனை பெயர்கள்?

மார்கழி இரவுகளில் கிழக்கே செம்மையாக மின்னும் திருவாதிரையை மேல்நாட்டு வானியலாளர்கள் பீட்டல்ஜூஸ் என்பார்கள். நிறமாலைகளை வகைப்படுத்திய ஹென்றி டிரேப்பர் பட்டியலில் அதன் எண் 39801. பிரகாசமான விண்மீன்களின் பட்டியலில் 2061. விண்மீன்களின் தொலைவை அளந்த ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோளின் பட்டியலில் 27989. பெயர் மட்டுமா வேறு? ஒன்றில் இருக்கும் தகவல் மற்றொன்றில் இருக்காது.

இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்க்க விரும்பிய ஆய்வாளர் ஒரு காலத்தில் நூலகத்தில் தடித்த தொகுதிகளைப் புரட்டினார். பிறகு காந்த நாடாக்கள் வந்தன. இணையம் வந்தும் தலைவலி தீரவில்லை. ஒவ்வொரு ஆய்வகமும் தன் இஷ்டப்படி ஒரு தளம் அமைத்துக்கொண்டது. ஒன்றில் கோணத்தைப் பாகையில் கொடுக்க வேண்டும், அடுத்ததில் மணி, நிமிடம், வினாடியில்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1972-இல் தொடங்கிய விண்மீன் தரவு மையம் இந்தக் குழப்பத்தை முதலில் பெயரிலிருந்தே தீர்க்கத் தொடங்கியது. அதன் 'சிம்பாட்' தரவுத்தளத்தில் எந்தப் பெயரைக் கொடுத்தாலும், அந்தப் பொருளின் மற்ற பெயர்கள், அளவீடுகள், அதைக் குறிப்பிடும் ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். இன்று அதில் ஒரு கோடிக்கும் அதிகமான பொருள்கள் இருக்கின்றன. இதில் பெரும்பகுதி கணினி தானாகச் செய்ததுபோலத் தோன்றும். ஆனால் ஆய்விதழ்களைப் படித்து, எந்தக் கட்டுரை எந்தப் பொருளைச் சொல்கிறது என்று சரிபார்க்கவே அங்கே ஆவணப் பணியாளர்கள் இருக்கிறார்கள். விருதோ பெயரோ பெரிதாகக் கிடைக்காத வேலை. அது நின்றால் மற்றதெல்லாம் ஆட்டம் காணும்.

பெயர் வேண்டாம், வானத்தில் இருக்கும் இடத்தை வைத்தே பட்டியல்களைப் பொருத்திவிடலாமே என்று தோன்றும். அங்கும் சிக்கல்தான். பூமியின் அச்சு மெல்லச் சுழன்று திசை மாறுவதால், வானத்தில் இடத்தைக் குறிக்கும் ஆயங்களும் நகர்கின்றன. 1950-ஆம் ஆண்டு ஆயத்துக்கும் 2000-ஆம் ஆண்டு ஆயத்துக்கும் உள்ள வேறுபாடு முழுநிலவின் அகலத்தைவிட அதிகமாகக்கூட இருக்கும். போதாததற்கு விண்மீன்களும் சும்மா இருப்பதில்லை. பர்னார்டு விண்மீன் ஆண்டுக்குப் பத்து வில்விநாடிக்கும் மேல் நகர்கிறது. எழுபது ஆண்டில் நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். பழைய பட்டியலில் உள்ள இடத்தில் இன்று தேடினால் அங்கே வேறு விண்மீன் இருக்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? 3சி 273 என்பது கேம்பிரிட்ஜ் ரேடியோ பட்டியலில் வெறும் ஓர் எண். 1962-இல் நிலா அதை மறைத்த நேரத்தை வைத்து, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். அந்த இடத்தில் சாதாரண விண்மீன்போல ஒரு புள்ளி தெரிந்தது. வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை ஆராய்ந்தபோது அது ஏறத்தாழ 200 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பது 1963-இல் தெரியவந்தது. குவேசார் என்ற புதிய விண்பொருள் வகையே பிறந்தது. ரேடியோவில் கண்டதையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கண்டதையும் சேர்த்துப் பார்த்ததன் பலன் அது.

இப்படிச் சேர்த்துப் பார்ப்பதை எளிதாக்க, 2002-இல் பல நாட்டு வானியலாளர்கள் சேர்ந்து பன்னாட்டு மெய்நிகர் வானாய்வகக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். இந்தியாவின் சார்பில் புனேயில் உள்ள ஐயூகா நிறுவனம் இதில் பங்கேற்கிறது. எல்லாத் தரவையும் ஒரே கிடங்கில் கொட்டுவது இவர்கள் திட்டமல்ல. யுபிஐ வழியே பணம் அனுப்பும்போது பணம் அவரவர் வங்கியிலேயே இருக்க, விதிமுறை மட்டும் பொதுவாக இருப்பதுபோல, தரவு அந்தந்த ஆய்வகத்திலேயே இருக்கும். அட்டவணையை எந்த வடிவில் அனுப்புவது, ஒரு பத்தியில் இருப்பது பிரகாசமா தொலைவா என்பதை எந்தக் குறியீட்டால் சொல்வது, கேள்வியை எந்த வினவல் மொழியில் கேட்பது என்பவை மட்டும் பொது.

தொடக்கத்தில் பெரிய ஒற்றை வலைவாசலை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால் குழாய் கண்ணில் படாமல் தண்ணீர் வருவதே நல்லது. 2004-இல் ஒரு ஐரோப்பியக் குழு சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கியும் ஹபிளும் ஏற்கெனவே எடுத்துவைத்த தரவுகளை இந்தப் பொது விதிமுறைகளில் இயங்கும் கருவிகளால் இணைத்து, தூசுக்குப் பின்னால் மறைந்திருந்த குவேசார்களாக இருக்கக்கூடிய சுமார் முப்பது பொருள்களைக் கண்டெடுத்தது.

ஆய்வாளர் அல்லாதவர்களும் உலாவியில் 'அலாடின் லைட்' என்ற வானப்படக் கருவியைத் திறந்து நண்டு நெபுலாவைத் தேடலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து அகச்சிவப்புக்கும் எக்ஸ்கதிருக்கும் மாறலாம். வானத்தைப் பன்னிரண்டு ஓடுகளாக்கி, ஒவ்வொன்றையும் நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டே போவதால், பார்க்கும் துண்டு மட்டும் இறங்கினால் போதும். சுமாரான இணைப்பிலும் ஓடும்.

இனி தரவின் அளவே வேறு. கையா செயற்கைக்கோளின் 2022 வெளியீட்டிலேயே சுமார் 180 கோடி பொருள்கள் உள்ளன. சிலியின் வேரா ரூபின் ஆய்வகம் ஓர் இரவில் ஏறக்குறைய 20 டெராபைட் தரவு திரட்டும் வகையில் கட்டப்பட்டிருக்கிறது. அதை யாரும் தங்கள் கணினியில் இறக்கிக்கொண்டு பார்க்க முடியாது. தரவு இருக்கும் இடத்துக்குக் கேள்வியை அனுப்பி, விடையை மட்டும் வாங்க வேண்டும். ரூபின் தளமும் அதற்குக் கூட்டமைப்பின் அதே வினவல் மொழியைத்தான் பயன்படுத்துகிறது.