சென்னையில் அவிழ்ந்த கயிறு

நம் உடம்பில் அதிகம் இருக்கும் புரதம் எது? தசையைக் காட்டாதீர்கள். கொலாஜன்! தோல், எலும்பு, ஈறு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டியிருக்கும் நார் இதுதான்.

அதன் வடிவம் பிடிபட்டது சென்னைப் பல்கலைக்கழகத்தில். பிரிட்டிஷ் அறிஞர் பெர்னல் வந்தபோது, கொலாஜன் புதிர் இன்னும் அவிழவில்லை என்று சொன்னார். இளம் இயற்பியல் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரே படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் மூன்று இழை என்றார். அடுத்த ஆண்டே, அவை கயிறுபோல முறுக்கிக்கொண்டிருப்பதையும் காட்டினார்.

ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே பொடியன். கயிற்றின் நடுவில் இருக்கும் இண்டு இடுக்கில் அவனுக்கு மட்டுமே இடம். மரபணுப் பிழையால் அங்கே பெரிய அமிலம் ஒன்று வந்து உட்கார்ந்தால், லேசாக விழுந்தாலே எலும்பு முறியும் நோயோடு குழந்தை பிறக்கலாம். முறுக்கு தளராமலிருக்க வைட்டமின் சி-யும் வேண்டும். அது கிடைக்காத மாலுமிகளுக்குத்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. நெல்லிக்காயை ஒதுக்கும் வாண்டுகளிடம் இதைச் சொல்லலாம்!

'அணுக்கள் இவ்வளவு நெருங்கி இருக்க முடியாது' என்று டி.என்.ஏ புகழ் கிரிக் தரப்பு மறுத்தது. ராமச்சந்திரன் சண்டைக்குப் போகவில்லை. எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். 1963-ல் சசிசேகரன், ராமகிருஷ்ணனோடு அவர் வெளியிட்ட அந்த வரைபடத்தை வைத்துத்தான் புதிய புரத வடிவங்களை இன்றும் உலகம் சரிபார்க்கிறது. நோபல் மட்டும் கடைசிவரை வரவில்லை.